மில்வாக்கி, 1953: ஓர் அணி குடிபெயர்ந்த கோடை

1903 முதல் 1952 வரை ஐம்பது ஆண்டுகள், அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சத்தில் இருந்த பதினாறு அணிகளில் ஒன்றுகூட ஊர் மாறவில்லை. இரண்டு லீக்குகள், லீக்குக்கு எட்டு அணிகள், எல்லாம் சேர்ந்து பத்தே நகரங்கள். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. வங்கிகள் திவாலாகி லட்சக்கணக்கானோர் வேலை இழந்த முப்பதுகள் வந்து போயின. அணிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தாத்தா எந்த மைதானத்துக்குப் போனாரோ அதே மைதானத்துக்குப் பேரனும் போனான். நாட்டின் மக்கள்தொகை மேற்கே நகர்ந்துகொண்டிருந்தும், செயின்ட் லூயிஸ் நகரைத் தாண்டி மேற்கில் ஓர் அணி கிடையாது.

1953 மார்ச் 18 அன்று அந்த ஒழுங்கு உடைந்தது. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஒரு ஓட்டலில் நேஷனல் லீக் உரிமையாளர்கள் கூடி, பாஸ்டன் பிரேவ்ஸ் அணி விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகருக்குக் குடிபெயர ஒருமனதாக அனுமதி கொடுத்தார்கள். லீக் தொடங்க நான்கு வாரம்கூட இல்லை.

பிரேவ்ஸ் நேற்று முளைத்த அணி அல்ல. 1871-ல் பாஸ்டனில் பிறந்து, 1876-ல் நேஷனல் லீக் உருவானபோது அதைத் தொடங்கிய அணிகளில் ஒன்றாக இருந்தது. 1914 ஜூலையில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, அக்டோபரில் இரு லீக் வெற்றியாளர்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸை வென்று நாட்டையே திகைக்க வைத்தது. 1948-ல் லீக் பட்டம் வென்றபோது 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான்கே ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. 1950-ல் 9,44,391 பேர், 1951-ல் 4,87,475 பேர், 1952-ல் 2,81,278 பேர். அந்தக் கடைசி ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நாலாயிரம் பேர்கூட வரவில்லை. அணியோ எட்டில் ஏழாவது இடம்.

இதில் பாஸ்டன் மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்த ஊரில் இன்னோர் அணியும் இருந்தது. டெட் வில்லியம்ஸ் ஆடிய ரெட் சாக்ஸ்தான் ஊரின் செல்லப்பிள்ளை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ஆற்றங்கரைக் குளிர்காற்றில் உட்கார்ந்து பார்ப்பதைவிட, நட்சத்திரங்கள் ஆடும் ஃபென்வே பார்க்குக்குப் போவதே மேல் என்று மக்கள் நினைத்தார்கள். போதாக்குறைக்கு பிரேவ்ஸ் நிர்வாகம் உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டிவந்தது. வீட்டு வரவேற்பறையில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க ஏன் வரவேண்டும்? அணியின் உரிமையாளர் லூ பெரினி இந்தப் பாடத்தை மறக்கவில்லை. மில்வாக்கிக்குப் போனதும் உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சிப் பக்கமே விடவில்லை.

பெரினி மாசசூசெட்ஸ்காரர். கட்டுமான ஒப்பந்தத் தொழிலில் பணம் சேர்த்தவர். 1944-ல் அவரும் இன்னும் இரண்டு ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து அணியை வாங்கியபோது, பாஸ்டன் பத்திரிகைகள் மூவருக்கும் நீராவி மண்வெட்டி இயந்திரங்களின் பெயரைச் சூட்டின. தொழில்காரருக்குரிய கணக்கும் ஊர்ப்பாசமும் அவரிடம் ஒன்றோடொன்று போராடின. கடைசியில் கணக்கு வென்றது.

மில்வாக்கி அப்போது ஆறு லட்சத்து முப்பதாயிரம் பேர் வாழ்ந்த ஆலை நகரம். ஜெர்மானியக் குடும்பங்களும் போலந்துக் குடும்பங்களும் தலைமுறைகளாகக் குடியேறி வளர்த்த ஊர். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், மில்லர், பிளாட்ஸ் என்று நாடறிந்த பீர் ஆலைகள். அல்லிஸ்-சால்மர்ஸ் போன்ற இயந்திரத் தொழிற்சாலைகள். ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள். மேயர் ஃபிராங்க் சைட்லர் ஒரு சோஷலிஸ்ட். பூங்கா, குடிநீர், சாக்கடை போன்ற பொதுவசதிகளைப் பொதுப்பணத்தில் ஒழுங்காகச் செய்து காட்டுவதை அந்த ஊர் ஒரு மரபாகவே வைத்திருந்தது.

ஊருக்கு ஒரு பழைய குறையும் இருந்தது. 1901-ல் அமெரிக்கன் லீக் தொடங்கியபோது மில்வாக்கிக்கும் ஓர் அணி கிடைத்தது. ஒரே ஆண்டு. அடுத்த ஆண்டே அந்த அணி செயின்ட் லூயிஸுக்குப் போய் பிரவுன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் பிறகு அரை நூற்றாண்டு, மில்வாக்கி இரண்டாம் நிலை லீக்கில் புரூவர்ஸ் என்ற அணியோடு, 1888-ல் கட்டிய பழைய மர மைதானத்தில் காலம் தள்ளியது. பெரிய லீக்குக்கு நாங்களும் தகுதியானவர்கள் என்று காட்ட, 1950-ல் மாவட்ட நிர்வாகம் பொதுப்பணத்தில் சுமார் 50 லட்சம் டாலர் செலவில் ஒரு பெரிய மைதானத்தைக் கட்டத் தொடங்கியது. கையில் அணி இல்லை. வரும் என்ற உறுதியும் இல்லை. மெனாமனி பள்ளத்தாக்கில் பழைய கல்குவாரி இருந்த இடத்தில் கவுன்ட்டி ஸ்டேடியம் எழுந்தது. சுமார் 36,000 பேர் உட்காரலாம்.

அணியே இல்லாமல் மைதானத்தைக் கட்டுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. அன்று அது ஓர் ஊரின் ஆசை. பின்னாளில் அதுவே அமெரிக்கா முழுக்க நடைமுறையாயிற்று.

முதலில் வர விரும்பியவர் பெரினி அல்ல. ஒரே ஆண்டில் மில்வாக்கியை விட்டுப் போன அதே செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர் பில் வீக். நாற்பதுகளில் மில்வாக்கி புரூவர்ஸை நடத்தி ஊரை நன்றாக அறிந்தவர். நஷ்டத்தில் ஓடிய தன் அணியைப் பழைய ஊருக்கே கொண்டுவந்துவிடலாம் என்று பார்த்தார். குறுக்கே நின்றவர் பெரினி. புரூவர்ஸ் அப்போது பிரேவ்ஸின் கிளை அணி. ஆகவே மில்வாக்கியில் ஆடும் உரிமை பெரினி கையில் இருந்தது. அவர் விட்டுக்கொடுக்க மறுத்ததும் மில்வாக்கியில் கோபம் கொதித்தது. புதிய மைதானம் காலியாகக் கிடக்க, ஓர் ஆள் பாஸ்டனில் இருந்துகொண்டு வழியை மறிக்கிறாரே என்று பத்திரிகைகள் கேட்டன. மில்லர் பீர் ஆலையின் தலைவர் ஃபிரெட் மில்லர் பெரினியைத் தொடர்ந்து நெருக்கினார். வழிவிடு, அல்லது நீயே வா. பெரினி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

முடிவு வந்தபோது வீரர்கள் ஃபுளோரிடாவின் பிராடென்டனில் பயிற்சி முகாமில் இருந்தார்கள். தொப்பியில் இருந்த ‘பி’ என்ற எழுத்து போய் ‘எம்’ வந்தது. லீக் அட்டவணையில் பாஸ்டன் கிழக்கு அணி, மில்வாக்கியோ மேற்கு. ஆகவே பிட்ஸ்பர்க் கிழக்குக்கு மாறிக்கொண்டது. அந்த ஆண்டு பாஸ்டனில் நடக்கவேண்டிய ஆல்-ஸ்டார் ஆட்டம் சின்சினாட்டிக்குப் போனது. மில்வாக்கி புரூவர்ஸ் இருந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு டொலிடோ நகருக்குப் போனது. பாஸ்டனில் விற்ற டிக்கெட்டுகளுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

அணியின் தலைசிறந்த பிட்சர் வாரன் ஸ்பான் பாஸ்டன் மைதானத்துக்கு எதிரிலேயே ஓர் உணவகத்தில் பணம் போட்டிருந்தார். ஆட்டம் முடிந்து வரும் கூட்டத்தை நம்பிப் போட்ட கடை. இப்போது ஆட்டமே இல்லை. குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1948-ல் பிரேவ்ஸ் தோள்கொடுத்துத் தொடங்கிய ஜிம்மி ஃபண்டைத் தத்தளிக்க விடாமல் ரெட் சாக்ஸ் ஏற்றுக்கொண்டது. இன்றும் அது நடக்கிறது. மைதானத்தைப் பாஸ்டன் பல்கலைக்கழகம் வாங்கியது. நுழைவாயில் கட்டடமும் வலப்பக்கப் பார்வையாளர் மேடையும் அங்கே இப்போதும் நிற்கின்றன. ஆட்டத்துக்கு வந்த அந்தச் சொற்ப பேரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கூட்டம் இல்லாத ஆண்டில், குளிரிலும் விடாமல் வந்த அந்த 2,81,278 டிக்கெட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான் அணியின் உண்மையான குடும்பம். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏப்ரல் 8 அன்று பிரேவ்ஸ் ரயிலில் மில்வாக்கி வந்து இறங்கியது. நிலையத்தில் மட்டும் சுமார் 12,000 பேர் காத்திருந்தார்கள். திறந்த கார்களில் வீரர்களை ஏற்றி விஸ்கான்சின் அவென்யூ வழியாக ஊர்வலம் விட்டார்கள். தெருவின் இருபுறமும் மக்கள் அடைத்து நின்றார்கள். மேளவாத்தியம், கொடி, கூச்சல். வீரர்கள் யாரும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. முந்தைய ஆண்டு ஏழாம் இடம் பிடித்த அணிக்குப் பட்டம் வென்றவர்களுக்குரிய வரவேற்பு. ஷ்ரோடர் ஓட்டலில் ஏப்ரல் மாதத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நின்றது. அடியில் வீரர்களுக்கான பரிசுப்பொட்டலங்கள். போன கிறிஸ்துமஸை உங்களோடு கொண்டாட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, இப்போது கொண்டாடிவிடலாம் என்பது ஊராரின் எண்ணம்.

அணியின் மேலாளர் சார்லி கிரிம் ஊருக்குப் புதியவர் அல்ல. புரூவர்ஸை நடத்தியவர், இடக்கையால் பாஞ்சோ வாசிப்பவர், எல்லோரையும் சிரிக்க வைப்பவர். பல வீரர்களும் புரூவர்ஸில் ஆடிவிட்டு மேலே போனவர்கள்தான். வந்தது அந்நிய அணி அல்ல, தூரத்தில் வேலைபார்த்துத் திரும்பிய வீட்டுப்பிள்ளைகள் என்ற உணர்வு முதல் நாளே இருந்தது.

ஏப்ரல் 13 அன்று சின்சினாட்டியில் முதல் ஆட்டம். மேக்ஸ் சர்கான்ட் பந்து வீசி 2-0 என்று வென்று கொடுத்தார். மறுநாள், ஏப்ரல் 14, கவுன்ட்டி ஸ்டேடியத்தில் சொந்த மண்ணில் முதல் ஆட்டம். எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். 34,357 பேர் வந்திருந்தார்கள். வாரன் ஸ்பான் ஒருபுறம், ஜெர்ரி ஸ்டேலி மறுபுறம். இருவரும் இன்னிங்ஸ் இன்னிங்ஸாக வீசிக்கொண்டே போனார்கள், யாரும் மாற்றப்படவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தபோது 2-2. கூடுதல் இன்னிங்ஸ்.

பத்தாவது இன்னிங்ஸில் மட்டையோடு வந்தவர் பில் புரூட்டன். அலபாமாவில் பிறந்த கறுப்பின இளைஞர், பெரிய லீக்கில் அவருக்கு இது இரண்டாவது ஆட்டம். முந்தைய ஆண்டு புரூவர்ஸில் ஆடியதால் கூட்டத்துக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருடைய பலம் ஓட்டத்தில், தூக்கி அடிப்பதில் அல்ல. ஸ்டேலி வீசிய பந்தைப் புரூட்டன் வலப்பக்கம் தூக்கி அடித்தார். கார்டினல்ஸின் ஈனோஸ் ஸ்லாட்டர் வேலிவரை ஓடி, கையை நீட்டி எம்பினார். பந்து அவருடைய கையுறையில் பட்டது. பிடிபட்டதுபோல் இருந்தது. பட்டுத் தெறித்து வேலிக்கு அப்பால் விழுந்தது.

நடுவர் லான் வார்னெக்கி முதலில் அதை ஹோம் ரன் என்று ஏற்கவில்லை. இரண்டாம் தளத்தோடு நிறுத்தினார். கிரிம் ஓடிவந்து வாதாடினார். நடுவர் யோசித்து முடிவை மாற்றினார். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே கையில் பட்டுத் தாண்டும் பந்து சிக்சர் ஆவதுபோல, இது ஹோம் ரன். 3-2. மில்வாக்கி வென்றது. அந்த ஆண்டு முழுக்க 150-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் புரூட்டன் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான்.

அதே புரூட்டன் சில வாரங்களுக்கு முன் பிராடென்டன் முகாமில் சக வீரர்கள் தங்கிய ஓட்டலில் தங்க முடியவில்லை. தெற்கின் நிறப்பிரிவினைச் சட்டங்கள் கறுப்பின வீரர்களைத் தனி வீடுகளுக்கு அனுப்பின. மில்வாக்கியில் சட்டம் அப்படி இல்லை என்றாலும், கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாலும் வால்நட் தெருவைச் சுற்றிய பகுதிக்குள்ளேயே வாழவேண்டியிருந்தது. முப்பத்துநாலாயிரம் பேர் ஒரே குரலில் அவர் பெயரைக் கூவிய அந்த மாலையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு அவர் 26 தளங்களைத் திருடி, தள ஓட்டத்தில் லீக்கிலேயே முதலாவதாக வந்தார்.

அதன்பின் கூட்டம் நிற்கவே இல்லை. பாஸ்டனில் 1952 முழுக்க வந்த கூட்டத்தை மில்வாக்கி பதின்மூன்றே உள்ளூர் ஆட்டங்களில் தாண்டியது. அப்போது மே மாதம்கூட முடியவில்லை. விஸ்கான்சினின் மூலைமுடுக்கிலிருந்து பேருந்துகளும் ரயில்களும் வந்தன. மிச்சிகனின் வடபகுதியிலிருந்தும் அயோவாவிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் வந்தார்கள். பால் கறந்துவிட்டுக் காரில் ஏறிய விவசாயிகள், ஆலைச் சீருடையோடு நேராக வந்த தொழிலாளர்கள், கன்னியாஸ்திரிகள், பள்ளிப்பிள்ளைகள். சொந்த பீரையும் சாப்பாட்டையும் மைதானத்துக்குள் எடுத்துப் போகத் தடையில்லை. வானொலியில் ஏர்ல் கில்லெஸ்பியின் குரல் மாநிலமெங்கும் கேட்டது. தொலைக்காட்சி இல்லாததால் பார்க்கவேண்டும் என்றால் வந்துதான் ஆகவேண்டும்.

மைதானத்தின் வலப்பக்க வேலிக்கு அப்பால் ஒரு மேடு. அதன்மேல் முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனை. நோயாளிகள் அந்தச் சரிவில் வந்து உட்கார்ந்து கீழே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள், கொரியப் போரிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். டிக்கெட் கிடையாது.

வீரர்கள் கடைக்குப் போனால் பணம் வாங்க மறுத்தார்கள். கார் விற்பனையாளர்கள் காரை இலவசமாக ஓட்டக் கொடுத்தார்கள். பெட்ரோல், சலவை, பால், பாலாடைக்கட்டி, பீர், எல்லாம் வீடு தேடி வந்தன. போலந்து வம்சாவளியைச் சேர்ந்த சர்கான்ட் மே 25 அன்று எட்டு பேரை அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, அதுவரை இருந்த ஏழு என்ற சாதனையை முறியடித்தார். தெற்கு மில்வாக்கியின் போலந்துக் குடும்பங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தொத்திறைச்சியாக அனுப்பித் தள்ளினார்கள். கிழக்குக் கடற்கரைப் பத்திரிகையாளர்கள் வந்து பார்த்து, இங்கே மக்கள் சாதாரணப் பந்துக்கும் கைதட்டுகிறார்களே, ஆட்டம் தெரியாதவர்கள் என்று எழுதினார்கள். தெரியாமல் கைதட்டவில்லை. அரை நூற்றாண்டு காத்திருந்ததைக் கைதட்டித் தீர்த்தார்கள்.

அந்தக் கோடையில் ஊர் முழுக்கக் கொண்டாட்டமாக மட்டும் இல்லை. மே மாதம் நடுவில் மில்வாக்கியின் பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரு கடற்கரைகளிலும் உள்ள ஆலைகள் தரும் கூலியும் வேலைநேரமும் தங்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. வேலைநிறுத்தம் 76 நாள் நீடித்தது. பீருக்குப் பெயர்போன ஊரின் கொதிகலன்கள் ஆறிக்கிடந்த அதே ஜூன், ஜூலையில்தான் மைதானம் நிரம்பி வழிந்தது. ஆலையில் கேட்டதும் மைதானத்தில் கேட்டதும் ஏறத்தாழ ஒன்றே: எங்களையும் நியூயார்க்குக்குச் சமமாக மதியுங்கள்.

ஆட்டமும் அதற்கு ஈடுகொடுத்தது. 21 வயது எடி மாத்யூஸ் 47 ஹோம் ரன் அடித்து லீக்கில் முதலிடம் பிடித்தார். ஸ்பான் 23 வெற்றி, 7 தோல்வி. லூ பர்டெட் 15 வெற்றி, 5 தோல்வி. புதிதாக வந்த ஜோ ஆட்காக் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில், அதுவரை பெரிய லீக் ஆட்டத்தில் யாரும் எட்டாத நடுமைதானப் பார்வையாளர் வரிசைக்குப் பந்தைத் தூக்கி அடித்தார். விஸ்கான்சின் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஆண்டி பாஃப்கோ சொந்த மாநிலத்துக்கே ஆட வந்தார். ஜூனில் சில காலம் அணி முதலிடத்திலும் இருந்தது. கடைசியில் 92 வெற்றி, 62 தோல்வி, இரண்டாம் இடம். 105 ஆட்டம் வென்ற புரூக்ளின் டாட்ஜர்ஸ் பதின்மூன்று ஆட்ட இடைவெளியில் முன்னால் போய்விட்டது. ஏழாம் இடத்திலிருந்து ஒரே ஆண்டில் இரண்டாம் இடம் என்பது சின்ன மாற்றமல்ல.

அந்த ஆண்டின் கணக்கை முடித்தபோது 18,26,397 பேர் வந்திருந்தார்கள். நேஷனல் லீக் அதுவரை கண்டிராத எண்ணிக்கை. அந்தப் பருவத்துக்குச் சம்பளமாக 25,000 டாலரா, அல்லது டிக்கெட்டுக்குப் பத்து சென்ட்டா என்று பெரினி கேட்டபோது ஸ்பான் பாஸ்டனின் காலி இருக்கைகளை நினைத்து 25,000-ஐ வாங்கிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. மற்றதைக் கேட்டிருந்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலருக்கு மேல் கிடைத்திருக்கும்.

ஸ்பான் மட்டும் அந்தக் கணக்கைப் போடவில்லை. மற்ற பதினைந்து அணிகளின் உரிமையாளர்களும் போட்டார்கள். லீக்கை வென்ற புரூக்ளினுக்கு அந்த ஆண்டு வந்தது 11,63,419 பேர். இரண்டாம் இடம் பிடித்த மில்வாக்கிக்கு அதைவிட ஆறரை லட்சம் அதிகம். புரூக்ளின் மைதானத்தைச் சுற்றி எழுநூறு கார் நிறுத்தத்தான் இடம், மில்வாக்கியில் ஆயிரக்கணக்கில். டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓமேலி இந்த எண்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மில்வாக்கி இதே வேகத்தில் போனால் பத்தாண்டில் நல்ல வீரர்களையெல்லாம் அதுவே வாங்கிவிடும் என்பது அவருடைய கவலை.

ஓமேலிக்கு முன்பே மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். மில்வாக்கிக்கு வர முடியாமல் போன பிரவுன்ஸ் 1954-ல் பால்டிமோருக்குப் போய், முந்தைய ஆண்டு மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த கூட்டத்தைப் பத்து லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. 1955-ல் பிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் கான்சஸ் சிட்டிக்குப் போனது. மூன்று லட்சம் பதினான்கு லட்சத்தை நெருங்கியது. 1958-ல் டாட்ஜர்ஸும் ஜெயண்ட்ஸும் நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்கே போய்விட்டன. ஐம்பது ஆண்டு அசையாத வரைபடம் ஐந்தே ஆண்டில் உருமாறியது. மில்வாக்கி மக்கள் மனமார அள்ளிக் கொடுத்த கோடை, உரிமையாளர்களின் மேசையில் ஒரு விலைப்பட்டியலாகிவிட்டது. புதிய ஊர், பொதுப்பணத்தில் மைதானம், குறைந்த வாடகை, முதல் சில ஆண்டு பொங்கி வழியும் கூட்டம். இதைச் சொல்லும்போது மில்வாக்கி ரசிகர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் செய்தது நேசித்தது மட்டுமே.

1954-ல் மில்வாக்கியின் கூட்டம் இருபது லட்சத்தைத் தாண்டியது. நேஷனல் லீக்கில் அதுவே முதல்முறை. ஹேங்க் ஏரன் அந்த ஆண்டில்தான் வந்தார். 1957-ல் அவருடைய பதினோராவது இன்னிங்ஸ் ஹோம் ரன்தான் லீக் பட்டத்தை உறுதிசெய்தது. பிறகு பர்டெட் மூன்று ஆட்டங்களில் நியூயார்க் யாங்கீஸை வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸையும் கொண்டுவந்தார். அதை ஃபிரெட் மில்லர் பார்க்கவில்லை. 1954 டிசம்பரில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

பிறகு மெல்லத் தேய்ந்தது. பெரினி கடைசிவரை மாசசூசெட்ஸ்காரராகவே இருந்தார். உரிமையில் விஸ்கான்சினுக்குப் பங்கில்லை. 1961-ல் பக்கத்து மினசோட்டாவுக்கு ஓர் அணி வந்ததும் மேற்கு விஸ்கான்சின் ரசிகர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அதே ஆண்டு மைதானத்துக்குள் சொந்த பீர் கொண்டுவரத் தடை போட்டார்கள். அதுவரை குடும்பமாக வந்தவர்களுக்கு மனம் கசந்தது. 1962-ல் கூட்டம் 7,66,921. அந்த ஆண்டு இறுதியில் பெரினி அணியைச் சிகாகோவைச் சேர்ந்த இளம் முதலீட்டாளர்களிடம் விற்றார். கிழக்கே ஏரி, தெற்கே சிகாகோ. தொலைக்காட்சி வருமானம் பெரிதாகிக்கொண்டிருந்த காலத்தில் மில்வாக்கிக்கு விரிய இடமில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். தெற்கே அட்லான்டா, அணி கையில் வருமுன்பே மைதானத்தைக் கட்டத் தொடங்கியிருந்தது. மில்வாக்கி 1950-ல் செய்ததைத்தான் அட்லான்டா செய்தது.

மைதான ஒப்பந்தம் 1965 வரை இருந்தது. நீதிமன்றத்தின் மூலம் அந்த ஒரு பருவம் அணியைக் கட்டாயமாக இருக்க வைத்தார்கள். போகப்போகிற அணியை ஆண்டு முழுக்கப் பார்ப்பது என்ன வேதனை என்பதை அந்த 5,55,584 என்ற எண் சொல்லும். செப்டம்பர் 22 அன்று கடைசி உள்ளூர் ஆட்டம். 12,577 பேர். எதிரணி டாட்ஜர்ஸ். பதினோரு இன்னிங்ஸ் ஆடி 7-6 என்று தோற்றது. மில்வாக்கியில் இருந்த பதின்மூன்று பருவங்களில் ஒரு பருவம்கூட அந்த அணி வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டதில்லை.

விஸ்கான்சின் அரசு வழக்குத் தொடுத்தது. மாநில ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி அணியை அட்லான்டாவுக்குக் கொண்டுபோனது சட்டவிரோதம் என்று 1966 ஏப்ரலில் நீதிபதி எல்மர் ரோலர் தீர்ப்பளித்தார். ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் 1922-ல் கொடுத்த விலக்கு குறுக்கே நின்றது. அந்த விலக்கை அதே நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்ததும் 1953-ல்தான், மில்வாக்கி தன் முதல் பருவத்தைக் கொண்டாடி முடித்த நவம்பரில்.

1953-ல் பதினெட்டு வயது இளைஞராக அந்தக் கூட்டத்தில் இருந்த பட் சீலிக், வளர்ந்து மில்வாக்கியில் கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவர் ஓர் அணியைத் தேடி நான்கு ஆண்டுகள் அலைந்தார். 1969-ல் தொடங்கிய சியாட்டில் பைலட்ஸ் ஒரே பருவத்தில் திவாலானது. 1970 மார்ச் 31 அன்று நீதிமன்றம் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. லீக் தொடங்க ஒரு வாரம். பயிற்சி முகாமிலிருந்து கிளம்பிய சரக்கு லாரியின் ஓட்டுநருக்கு வடக்கே திரும்புவதா கிழக்கே திரும்புவதா என்று தெரியாது. யூட்டா மாநிலத்தில் நின்று தகவலுக்குக் காத்திருந்தார். புதுச் சீருடை தைக்க நேரமில்லை. பைலட்ஸ் சட்டையில் எழுத்துகளைப் பிரித்தெடுத்துவிட்டு, மேலே புரூவர்ஸ் என்று தைத்தார்கள். ஏப்ரல் 7 அன்று கவுன்ட்டி ஸ்டேடியத்தில் 12-0 என்று தோற்றார்கள். வந்திருந்த 37,237 பேரும் கைதட்டினார்கள்.

இந்த முறை வழக்குப் போட்டது சியாட்டில். நகரமும் மாவட்டமும் மாநில அரசும் சேர்ந்து அமெரிக்கன் லீக்கை நீதிமன்றத்துக்கு இழுத்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே லீக் இறங்கிவந்து, 1977-ல் அந்த ஊருக்கு மரைனர்ஸ் என்ற புதிய அணியைக் கொடுத்தது. பாஸ்டனுக்கு இரண்டாவது அணி திரும்ப வரவே இல்லை.